நண்பர்களோடும் துணையோடும் ஸ்போர்ட்ஸ் கார்: சேலம், ஏற்காடு ஓட்டத்துக்கான கேள்வி பதில்

சேலத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எஞ்சினைப் பற்றிக் கேட்பதைவிட, கூட வருபவர்களைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். மனைவிக்கு மலைப்பாதையில் தலை சுற்றுகிறது, மச்சான் சாவி கேட்கிறான், மூன்று பேர் சேர்ந்து ஒரு வண்டி வாங்கலாமா என்பது மாதிரி. இங்குள்ள எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே விதி ஓடுகிறது: வண்டிக்குள் யாருக்குப் பயம் அதிகமோ, அவருக்குப் பிடித்த வேகம்தான் வண்டியின் வேகம்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கோடி ரூபாய் வண்டிதானா?

இல்லை. எடை குறைவு, ஸ்டியரிங்கில் தெளிவு, உடனே பிடிக்கும் பிரேக், வளைவில் சாயாத சஸ்பென்ஷன், இந்த நான்கும் இருந்தால் அந்த ரசனைக்குப் போதும். 1963-இல் அறிமுகமான போர்ஷே 911 இந்த வகைக்கு உச்சம் என்றாலும், 145 குதிரைத்திறனோடு 2015-இல் இந்தியாவுக்கு வந்த ஃபியட் அபார்த் புன்டோ, ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஹூண்டாய் ஐ20 என் லைன் போன்ற சின்ன வண்டிகளும் ஏற்காட்டுப் பாதையில் முழுச் சந்தோஷம் தரும். சொல்லப்போனால் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் 400 குதிரைத்திறன் வண்டிக்கு வாயைத் திறக்கவே இடம் கிடைக்காது. நண்பர்களோடு சேர்ந்து ஓட்டுவதுதான் நோக்கம் என்றால், எல்லோரிடமும் ஒரே அளவு சக்தியுள்ள வண்டி இருப்பது நல்லது. ஒருவரிடம் மட்டும் மிகப் பெரிய எஞ்சின் இருந்தால் அவர் முன்னால் காத்திருப்பார், மற்றவர்கள் பின்னால் அவசரப்படுவார்கள்.

ஏற்காடு ஏறினாலே என் மனைவிக்குக் குமட்டல். ஸ்போர்ட்ஸ் காரில் இன்னும் மோசமாகுமா?

ஆகலாம். ஆனால் காரணம் பெரும்பாலும் வண்டி அல்ல, ஓட்டும் விதம். உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு ஓர் அசைவைச் சொல்கிறது, கண் வேறொன்றைச் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டல் வருகிறது. ஸ்போர்ட்ஸ் காரில் சீட் தாழ்வு, டேஷ்போர்டு உயரம், ஜன்னல் சின்னது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ரோடே சரியாகத் தெரியாது. அதனால் முதல் வேலை, இடது சீட்டுக்கு உயரம் மாற்றும் வசதி இருந்தால் முழுவதும் மேலே ஏற்றுவது. இல்லாவிட்டால் வழுக்காத கெட்டியான மெத்தை ஒன்றைப் போடலாம். ஆனால் பெல்ட்டின் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின் மேல்தான் இருக்க வேண்டும், வயிற்றின் மேல் ஏறக்கூடாது.

சாப்பாடு: கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி. வெறும் வயிறும் கூடாது, நெய்ப் பொங்கலும் வடையும் கூடாது. வண்டிக்குள் தொங்கும் வாசனை டப்பாவை எடுத்து வீட்டிலேயே வைத்துவிடுங்கள். போனைப் பார்க்கக்கூடாது, அடுத்த வளைவின் கோடியைப் பார்க்கச் சொல்லுங்கள். எலுமிச்சம்பழம் முகர்வது பலருக்கு ஆறுதல் தருகிறது. மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு, ஏறத் தொடங்கும் முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

மிச்சம் முழுவதும் உங்கள் காலில் இருக்கிறது. வளைவுக்கு முன், வண்டி நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிடுங்கள். பெடலை ஒரேயடியாக விடாமல் மெதுவாக விட்டுக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். வளைவு முழுவதும் ஆக்ஸிலரேட்டர் ஒரே அளவில் இருக்கட்டும், ரோடு நேரான பிறகுதான் அழுத்த வேண்டும். மிதி, விடு, மிதி, விடு என்று ஓட்டினால் தலை முன்னும் பின்னும் ஆடும், ஐந்தாவது வளைவிலேயே முகம் வெளுத்துவிடும்.

அவரைக் கடைக்கண்ணால் கவனியுங்கள். இடது கை கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தால், வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தால், அவர் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் பதில் வந்துவிட்டது. கொட்டாவி, பேச்சு நின்றுபோதல், நெற்றியில் குளிர்ந்த வியர்வை ஆகியவை குமட்டலின் முதல் அறிகுறிகள். அப்போதே ஏசியைக் குளிராக்கி முகத்துக்கு நேராகத் திருப்பி, அகலமான ஓரம் வந்ததும் நிறுத்தி, பத்து நிமிடம் கீழே இறங்கி நிற்கச் செய்யுங்கள். வளைவிலோ வளைவுக்குப் பக்கத்திலோ நிறுத்த வேண்டாம்.

நண்பர்களோடு சேர்ந்து ஏற்காடு போக எத்தனை வண்டி சரி? எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?

நான்கு முதல் ஆறு வண்டி. அதற்கு மேல் போனால் இரண்டு குழுவாகப் பிரிந்து, பதினைந்து நிமிட இடைவெளியில் கிளம்புங்கள். பத்து வண்டி ஒட்டி ஓடினால், பின்னால் வரும் பஸ்ஸும் பால் வண்டியும் தாண்டவே முடியாது. ஊர்க்காரர்களின் கோபம் நியாயமானது.

வார நாள்தான் நல்லது. ஞாயிறுதான் முடியும் என்றால் காலை ஐந்தே முக்காலுக்கு அஸ்தம்பட்டியில் கூடி, கோரிமேடு வழியாக அடிவாரம் போய், வெளிச்சம் வந்ததும் ஏறத் தொடங்குங்கள். பத்து மணிக்கு மேல் சுற்றுலா வேன்கள் ஏறும் நேரத்தில் நீங்கள் கீழே இருக்க வேண்டும். மே மாதக் கோடை விழா நாட்களில் போகவே வேண்டாம். போக்குவரத்து மாற்றங்களும் நெரிசலும் சேர்ந்து, கிளட்ச் தேய்வதைத் தவிர வேறு லாபம் கிடையாது.

வரிசைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. பாதையை நன்றாகத் தெரிந்தவர் முதலில். மலையில் புதிதாக ஓட்டுபவர் இரண்டாவதாக. அவர் வேகம்தான் குழுவின் வேகம், முதல் வண்டி கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பொறுமையான, அனுபவமுள்ள ஓட்டுநர் கடைசியில், வால் வண்டியாக. ஸ்டெப்னி, ஜாக்கி, காற்று நிரப்பும் பம்ப், முதலுதவிப் பெட்டி எல்லாம் அவரிடம் இருக்கட்டும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சர் அடைக்கும் திரவமும் பம்பும்தான் வரும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தத் திரவம் உதவாது. அதனால் வண்டி ஏற்றும் லாரியின் போன் எண்ணைக் கிளம்பும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையில் சில இடங்களில் சிக்னல் கிடைக்காது.

இடைவெளி மூன்று விநாடி. முன் வண்டி ஒரு கல்லைத் தாண்டியதும் மனதுக்குள் மூன்று எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கல்லைத் தொடக்கூடாது. 60 கி.மீ. வேகத்தில் அது 50 மீட்டர். முன் வண்டியைப் பிடிக்கத் துரத்தாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது: எங்கெல்லாம் பாதை பிரிகிறதோ அங்கெல்லாம் முதல் வண்டி ஒதுங்கி, வால் வண்டி கண்ணில் படும் வரை காத்திருக்கும் என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள். வழி தவறிவிடுவோமோ என்ற பயம் போனாலே பாதி அவசரம் போய்விடும்.

ஒன்றைப் புதியவர்களிடம் சொல்லி வையுங்கள். உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைவதால், டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீத சக்தியை இழக்கும். டர்போ வண்டி அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். அடிவாரத்தில் கூடவே வந்த நண்பர் மேலே பின்தங்கினால், அவர் ஓட்டத் தெரியாதவர் என்று அர்த்தமில்லை.

கொண்டை ஊசி வளைவில் பஸ் எதிரே வந்தால்?

வளைவுக்கு முன்பே நில்லுங்கள். பஸ் திரும்பும்போது அதன் பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டும், முன்பக்கம் உங்கள் பாதைக்குள் வரும். வளைவின் நடுவில் போய் மாட்டிக்கொண்டால், தாழ்வான பம்பரை வைத்துக்கொண்டு ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும். கிளட்ச் கருகும் வாசனை அங்கேதான் முதலில் வரும். இரண்டு வண்டி போக இடமில்லாத இடத்தில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்குபவர் ஒதுங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வளைவில் ஒரு சின்ன ஹாரன் போதும். குரங்குகளுக்குத் தின்பண்டம் போடவே போடாதீர்கள், அவை வளைவில் உட்கார்ந்து காத்திருக்கப் பழகிவிடும். மேலே காபித் தோட்டங்களுக்கு நடுவே காட்டெருமை ரோட்டில் நிற்பதும் உண்டு. எஞ்சினை உறுமவிடாமல், தள்ளி நிறுத்திக் காத்திருங்கள்.

மூடுபனியில் டிம் லைட்டும் ஃபாக் லைட்டும் போதும். நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டுக்கொண்டே ஓட்டினால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. கனமழைக்கு அடுத்த நாள் வேண்டாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்தப் பாதையில் மண் சரிந்தது. அதுபோன்ற மழைக்குப் பிறகு கல்லும் சேறும் பல நாள் ரோட்டில் கிடக்கும்.

இறங்கும்போது பிரேக் வாசனை வருகிறது. வண்டியில் கோளாறா?

பெரும்பாலும் ஓட்டுநர் கோளாறு. கணக்கைப் பாருங்கள். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், 50 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எஞ்சினும் வாங்கிக்கொள்ளும். கியரை உயரத்தில் வைத்துக்கொண்டு பிரேக்கை மட்டும் நம்பினால் மீதி முழுவதும் நான்கு டிஸ்க்குகளின் தலையில்தான் விழும்.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது. ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் முறைக்கு மாற்றி கியரைப் பிடித்து வையுங்கள். டி-யில் விட்டால் எரிபொருளை மிச்சப்படுத்த அது மேல் கியருக்கு ஓடிவிடும். பிரேக்கை லேசாகத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வராதீர்கள். உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுவதும் விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் டிஸ்க் ஆறும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் ஆவிக் குமிழ் உண்டாகும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும் என்பது இதனால்தான். டாட் 5.1 வகையில் இந்த எண்கள் 260, 180. ஆனால் டாட் 5 என்பது சிலிக்கான் வகை. பெயர் ஒத்திருக்கிறதே என்று இதோடு கலந்துவிடக்கூடாது.

பெடல் உள்ளே போனால்: பதறாமல் இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்து அழுத்தம் ஏற்றுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், நேரான இடத்தில் ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். திடீர்க் குளிர்ச்சியில் இரும்பு கோணும், விரிசலும் விடலாம். அப்படிக் கோணிய டிஸ்க்தான் பிறகு பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங்கை நடுங்க வைக்கும். அடிவாரம் வந்ததும் உடனே ஹேண்ட் பிரேக் போட்டு டீக்கடையில் உட்காராமல், சமதளத்தில் இரண்டு கிலோமீட்டர் பிரேக் தொடாமல் ஓட்டி, கியரில் போட்டு நிறுத்துங்கள்.

கிளம்பும் முன் வண்டியில் என்ன பார்க்க வேண்டும்?

டயர் காற்று, குளிர்ந்த நிலையில், கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி. நான்கு பேர் ஏறினால் அதே அட்டையில் முழு எடைக்கான அளவு தனியாக இருக்கும். டயரின் பக்கச்சுவரில் நான்கு எண் தேதி இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஸ்போர்ட்ஸ் கார்கள் குறைவாக ஓடுவதால் டயர் தேயாது, வெயிலில் நின்று கெட்டிப்படும். கட்டை (தரையைத் தொடும் பகுதி) நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். ஆறு வருடம் ஆன டயரை மலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பெட்ரோல்: மூடியில் 95 ஆக்டேன் என்று எழுதியிருந்தால் அதையே போடுங்கள். அதைவிடக் குறைந்த ஆக்டேனில் எஞ்சின் தட்டும். புதிய எஞ்சின் அதை உணர்ந்து சக்தியைக் குறைத்துக்கொள்ளும், பழையது அடிபடும். பழைய வண்டிகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ரப்பர் குழாய்களை மெல்ல இளக வைக்கும் என்பதால், பானெட்டைத் திறந்து குழாய்களைக் கையால் அழுத்திப் பாருங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு போய்வர 60 கி.மீ., மேலே ஏற்காட்டைச் சுற்றி வரும் லூப் ரோடு 32 கி.மீ. மலையில் லிட்டருக்கு ஒன்பது கொடுக்கும் வண்டிக்குப் பத்து லிட்டர் செலவாகும்.

நீண்ட நாள் நின்ற வண்டி என்றால் முதலில் எலியைத் தேடுங்கள். எஞ்சின் மேல் புழுக்கை, கடித்த வயர் உறை, ஏர் ஃபில்டருக்குள் பஞ்சு. இந்த ஊரில் பேட்டரிக்கு அடுத்தபடியாக ஸ்போர்ட்ஸ் காரை நிறுத்தி வைப்பது எலிதான்.

வேகத்தடையில் அடி இடிக்கிறது. நான்கு பேரோடு எப்படிப் போவது?

விதிப்படி கட்டிய வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டது. அது பெரும்பாலான கார்களை இடிக்காது. ஊருக்குள் இஷ்டத்துக்குப் போட்ட குறுகலான மேடுதான் பிரச்சினை. எதிரே வண்டி இல்லாதபோது சாய்வாக ஏறி, ஒவ்வொரு சக்கரமாக இறக்குங்கள். மேட்டின் மேல் பிரேக் பிடித்தால் மூக்கு தாழும், அதனால் முன்பே பிரேக்கை விட்டுவிட வேண்டும். முன்பக்கத்தை உயர்த்தும் வசதியுள்ள வண்டிகளில் போர்ஷே 911 போன்றவை 40 மி.மீ. வரை தூக்கும். அந்த வசதி இல்லாவிட்டால் பின்சீட்காரர்களை இறக்கிவிட்டு ஏற்றுவதில் எந்த வெட்கமும் வேண்டாம். வெளியே ஒருவர் குனிந்து பார்த்து ‘வரலாம், வரலாம்’ என்று கை காட்டுவதும் இந்த ரசனையில் சேர்த்திதான்.

“மச்சான், ஒரு ரவுண்டு குடு” என்று கேட்கிறான். கொடுக்கலாமா?

கொடுக்கலாம், நாலு விஷயம் முன்பே பேசிவிட்டு.

முதலில் லைசென்ஸைக் கண்ணால் பாருங்கள். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் உரிமையாளருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். இன்சூரன்ஸும் கை விரித்துவிடும். செல்லும் லைசென்ஸ் இருந்தால் பொதுவாக யார் ஓட்டினாலும் பாலிசி செல்லும். ஆனால் உரிமையாளர் பெயரில் உள்ள 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உரிமையாளருக்கு மட்டும்தான், ஓட்டும் நண்பருக்குக் கிடையாது. நண்பர்களை அடிக்கடி ஏற்றுகிறீர்கள் என்றால் பயணிகளுக்கான விபத்துக் காப்பீட்டைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இடித்தால் யார் கொடுப்பது. க்ளெய்ம் போட்டால் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி போகும். ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லாமல் சேர்த்த 50 சதவீதம் ஒரு பம்பர் கீறலில் போய்விடும். ‘கீறலுக்கு உன் கைப்பணம், பெரிய அடிக்கு இன்சூரன்ஸ், கழிவுத்தொகையும் (க்ளெய்மில் நம் கையிலிருந்து கட்டும் பங்கு) போன தள்ளுபடியும் உன் பொறுப்பு’ என்று சாவி கை மாறும் முன் வாயால் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் பல வருட சிநேகம் முறிகிறது.

மூன்றாவது, பத்து நிமிடம் வண்டி நின்ற நிலையில் பாடம். ரிவர்ஸ் கியர் எப்படி விழும், கிளட்ச் எங்கே பிடிக்கும், பானெட் எங்கே முடிகிறது, ஸ்போர்ட் பட்டனைத் தொட்டால் என்ன ஆகும். வழுக்கல் தடுக்கும் கட்டுப்பாட்டை அணைக்கும் பட்டனைக் காட்டி, ‘இதை மட்டும் தொடாதே’ என்று சொல்லுங்கள். நான்காவது, முதல் ஓட்டம் மலையில் வேண்டாம். நகருக்கு வெளியே அகலமான ரோட்டில், நீங்கள் இடது சீட்டில் இருக்க.

மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு வண்டி வாங்கலாமா?

முடியும், ஆனால் ஆர்.சி. பொதுவாக ஒருவர் பெயரில்தான் வரும். அபராதம், வழக்கு, இன்சூரன்ஸ் எல்லாம் அவர் தலையில். அதனால் முத்திரைத்தாளில் ஒரு ஒப்பந்தம் அவசியம்: யார் எவ்வளவு போட்டார், வண்டி யார் வீட்டில் நிற்கும், யாருக்கு எந்த வாரம், டயரும் சர்வீஸும் எப்படிப் பங்கு, ஒருவர் விலகினால் என்ன விலை, அதை யார் நிர்ணயிப்பது. விலகும்போதுதான் சண்டை வரும், அந்தப் பத்தியை நீளமாக எழுதுங்கள். நாள் கணக்கில் பங்கிடாமல் கிலோமீட்டர் கணக்கில் பங்கிடுங்கள். நின்ற நாளுக்கு டயர் தேயாது. டிக்கியில் ஒரு நோட்டு வைத்து, எடுத்த மீட்டர், விட்ட மீட்டர், போட்ட பெட்ரோல் எழுதி வந்தால் போதும்.

வெளிமாநில வண்டி விலை குறைவாகக் கிடைக்கும். அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருப்பதென்றால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றி, சாலை வரியும் கட்ட வேண்டும். அதையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சொந்த எண் பலகை வண்டியை நண்பரின் நண்பருக்கு வாடகைக்கு விட்டுச் செலவை ஈடுகட்டும் யோசனை வேண்டாம். வாடகைக்கு ஓடும்போது நடக்கும் விபத்தைத் தனிநபர் பாலிசி ஏற்காது.

செலவை வீட்டில் எப்படிச் சொல்வது?

முழுதாக. மாதத் தவணையை மட்டும் சொல்லிவிட்டு, டயரையும் இன்சூரன்ஸையும் பிறகு ஒவ்வொன்றாக அவிழ்த்தால், அந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் துணைக்கு அந்த மறைப்புதான் ஞாபகம் வரும். ஒரு தாளில் எழுதி உட்கார்ந்து பேசுங்கள்: இன்சூரன்ஸ், வருட சர்வீஸ், டயர் ஒரு செட் விலையை இருபதாயிரம் கிலோமீட்டரால் வகுத்தது, பிரேக் பேடு, பேட்டரி, பெட்ரோல். வண்டியை விற்கும்போது எவ்வளவு குறையும் என்பதையும் சேருங்கள். அந்தத் தாளில் துணையின் விருப்பத்துக்கும் அதே மாதிரி ஒரு வரி இருக்க வேண்டும். அது இல்லாமல் ‘நம்ம வண்டி’ என்று சொல்வதில் அர்த்தமில்லை.

சும்மா ஒரு தடவை யார் வேகம் என்று பார்க்கலாமா?

பொது ரோட்டில் கூடவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு ரோட்டில் ரேஸ் விடுவதற்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. மறுமுறை பிடிபட்டால் ஓராண்டு, 10,000 ரூபாய் வரை. பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றில் ஏற்படும் சேதத்தைச் சாதாரண கார் பாலிசி ஏற்பதில்லை. அந்த ஆசைக்கு இடம் டிராக்.

டிராக்குக்கு எங்கே போவது? துணைக்கு அங்கே என்ன வேலை?

சேலத்துக்கு அருகில் கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. 2.1 கி.மீ. நீளம். மாருதி எஞ்சினில் ஓடும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை வடிவமைத்த, 1995-இல் மறைந்த கோவை கரிவர்தன் நினைவாக அந்தப் பெயர். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இன்னொரு பெரிய டிராக் இருக்கிறது.

போகும் முன் பிரேக் ஆயில் புதிதாக இருக்க வேண்டும், பேடு பாதிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். வீல் நட்டுகளை, முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ஸ்பேனரால் வண்டிக்குரிய அளவுக்கு முடுக்கி, முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் மறுபடி பாருங்கள். வண்டிக்குள் தளர்வாக எதுவும் இருக்கக்கூடாது. காலடியில் உருண்டு வரும் தண்ணீர் பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் போனால் முடிந்தது கதை. கால் விரிப்பையும் எடுத்துவிடுங்கள். பருத்தி முழுக்கை சட்டை, மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூ, ஹெல்மெட். பதினைந்து நிமிட ஓட்டம், கடைசிச் சுற்று பிரேக் தொடாமல் ஆறவிட, பிறகு ஹேண்ட் பிரேக் போடாமல் நிறுத்தம். டயர் சூடானதும் காற்று நாலைந்து பிஎஸ்ஐ ஏறியிருக்கும். சூட்டோடு கொஞ்சம் இறக்கினால், மாலையில் வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடி ஏற்ற மறக்காதீர்கள்.

துணையை ஓரத்தில் உட்காரவைத்து நாள் முழுவதும் போட்டோ எடுக்கச் சொன்னால் அடுத்த முறை அவர் வரமாட்டார். நேரக் கடிகாரம், டயர் அளவி, எழுதும் நோட்டு மூன்றையும் கையில் கொடுங்கள். எந்தச் சுற்றில் நேரம் குறைந்தது, எப்போது காற்று ஏறியது என்று எழுதத் தொடங்கியவர் மதியத்துக்குள் ஓட்டுநரின் தவறைச் சுட்டிக்காட்டத் தொடங்கிவிடுவார். அனுமதி இருந்தால் அவருக்கும் தனியாக ஓர் ஓட்டத்துக்குப் பணம் கட்டிவிடுங்கள்.

இரண்டு சீட் வண்டியில் குழந்தையைக் கூட்டிப் போகலாமா?

முன்பக்க ஏர்பேக்கை அணைக்கும் வசதி இல்லாவிட்டால், பின்நோக்கிய குழந்தை இருக்கையை முன்னால் வைக்கவே கூடாது. ஏர்பேக் விரியும் வேகம் அந்த இருக்கையையே குழந்தையின் மேல் தள்ளும். மடியில் வைப்பதும் கூடாது. 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ சட்டப்படியும் கட்டாயம்.

விடியற்காலையில் சைலன்சர் சத்தம், பக்கத்து வீட்டில் சண்டை.

வண்டியை நிறுத்தி வைத்துச் சூடாக்காதீர்கள். ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடத்தில் கிளம்பி, ஆயில் சூடாகும் வரை எஞ்சினை நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்குள் வைத்து ஓட்டுங்கள். எஞ்சினுக்கும் அதுதான் நல்லது. மாற்று சைலன்சர் போடுவது சட்டப்படி வண்டியை மாற்றியமைப்பது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு.

கார் இல்லாத நண்பர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

வேலையைக் கொடுத்து. வண்டி கழுவ இரண்டு வாளி, ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் துணி அலசும் தண்ணீர். ஞாயிறு மாலை ஆயில் மாற்றினால் கூட ஒருவர் வேண்டும், ஏனென்றால் ஜாக்கி ஸ்டாண்டு இல்லாமல் வண்டிக்கு அடியில் போகாதே என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இருப்பது நல்லது. வேலை முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு தட்டுவடை செட்.

என் மனைவிக்கும் ஓட்ட ஆசை வந்திருக்கிறது. எங்கே தொடங்கலாம்?

சீட்டில் தொடங்குங்கள். கிளட்சை முழுவதும் மிதித்தபோதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் படிய வேண்டும். உங்கள் அளவுக்கு வைத்த சீட்டில் உட்காரவைத்து ‘கிளட்ச் சரியா மிதி’ என்று அதட்டுவது அநியாயம்.

முதல் இரண்டு நாள் காலி மைதானம். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சால் மட்டும் வண்டியை நகர்த்தப் பழகட்டும். பிறகு 40 கி.மீ. வேகத்திலிருந்து முழு பலத்தோடு பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள், பெடல் காலுக்கு அடியில் துடிப்பது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்வது என்று முன்பே சொல்லி வைத்து. இதைப் பழகாதவர்கள் உண்மையான ஆபத்தில் அந்தத் துடிப்புக்குப் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். மூன்றாவது கட்டம் ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது. கோரிமேட்டுப் பக்கம் நெரிசல் இல்லாத நேரத்தில் பழகலாம்.

மலைக்கு வரும்போது நீங்களே ஏற்றிவிட்டு, மேலே ஏரிக்குப் பக்கத்தில் சாவியைக் கொடுங்கள். லூப் ரோடு காபித் தோட்டங்களுக்கு நடுவே குறுகலாகப் போகும், ஆனால் கொண்டை ஊசிகளின் அழுத்தம் கிடையாது. வார நாள் காலையில் நிதானமாக ஓட்டலாம். கொட்டச்சேடு வழியாகக் குப்பனூருக்கு இறங்கும் பாதை இன்னும் குறுகல், அது பிறகு. இடது சீட்டில் இருந்துகொண்டு ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள், அதுவும் வளைவு முடிந்த பிறகு. ஸ்டியரிங்கை எட்டிப் பிடிக்காதீர்கள். உங்கள் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடத் தொடங்கினால், ‘கொஞ்சம் மெதுவா போலாமா’ என்று வாய் திறந்து கேளுங்கள்.